மலிவு டிவியா, விலை கூடிய டிவியா? தர்மபுரி மெக்கானிக்கிடம் கேட்ட கேள்விகள்

தர்மபுரியில் 22 ஆண்டுகளாக டிவி பழுது பார்க்கிறேன். விற்பதில்லை, எந்தக் கடையோடும் எனக்குக் கமிஷன் கணக்கு கிடையாது. ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். நன்றாக ஓடுகிற டிவியை யாரும் என் மேசைக்குத் தூக்கி வருவதில்லை. கெட்டுப்போனதையே பார்த்துப் பழகிய கண் இது. அந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பாலக்கோட்டிலிருந்து ஒருவர்: அண்ணா, 43 அங்குலத்தில் இரண்டு டிவி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 19,000 ரூபாய், இன்னொன்று 34,000. இரண்டிலும் 4கே என்றும் எச்டிஆர் என்றும் ஒட்டியிருக்கிறது. பிறகு எதற்கு 15,000 வித்தியாசம்? வீட்டில் அரசு கேபிள் செட்டாப் பாக்ஸ் இருக்கிறது. இரவில் பிள்ளைகள் யூடியூப் பார்ப்பார்கள்.

பதில்: 4கே என்பது எண்ணிக்கை. குறுக்கே 3840, நெடுக்கே 2160 புள்ளிகள். அதில் 19,000 ரூபாய் டிவியும் பொய் சொல்லவில்லை. எச்டிஆர் விஷயம் வேறு. அது வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் முறை. அந்த ஒட்டுத்தாள், டிவி எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். வாங்கியதைக் காட்டுவதற்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள்; மலிவு டிவிகள் பெரும்பாலும் 250, 300 நிட்ஸோடு நின்றுவிடுகின்றன. எச்டிஆர் படத்தில் வெயில் வெயிலாகத் தெரிய அதைப்போல் இரண்டு மடங்காவது தேவை. கூடுதல் பணத்தில் ஒரு பகுதி இந்த வெளிச்சத்துக்குப் போகிறது. இன்னொரு பகுதி உள்ளே இருக்கும் பிராசசருக்கும் ராமுக்கும். 1 ஜிபி ராம் உள்ள டிவி முதல் வருடம் ஓடும். செயலிகள் புதுப்பிக்கப்பட்டு வீங்க வீங்க, ரிமோட்டை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். 2 ஜிபிக்குக் கீழே வாங்காதீர்கள்.

ஆனால் உங்கள் வீட்டில் பகல் முழுக்க ஓடப்போவது கேபிள். சாதாரண கேபிள் சேனலின் படம் 720க்கு 576 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள், நான்கு லட்சத்துச் சொச்சம். 4கே திரையில் 83 லட்சம். சரியாக இருபது மடங்கு. அதாவது வந்து சேரும் ஒரு புள்ளிக்குப் பத்தொன்பது புள்ளிகளை டிவி தானே ஊகித்து நிரப்புகிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலை பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: உள்ளே கொட்டிய பழம்தான் டப்பாவில் கூழாக வரும். 34,000 ரூபாய் டிவி சற்றுச் சாமர்த்தியமாக ஊகிக்கும், அவ்வளவுதான். நானாக இருந்தால் நடுவில் 25,000 பக்கம் 2 ஜிபி ராம் உள்ள ஒன்றைப் பிடித்து, மிச்சத்தில் எச்டி செட்டாப் பாக்ஸுக்கு மாறுவேன். வீட்டில் எல்லோருக்கும் கண்ணில் படும் மாற்றம் அதுதான்.

ஓசூரிலிருந்து ஒருவர்: நான் தனியாக இருக்கிறேன். பிளேஸ்டேஷன் 5 வைத்திருக்கிறேன். ஷிப்ட் முடிந்து வந்து விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பேன். 55 அங்குலத்தில் 38,000 ரூபாய்க்கு ஒன்று, 75,000 ரூபாய்க்கு ஒன்று. மலிவானதே போதும் என்பீர்களா?

பதில்: மாட்டேன். நீங்கள் 75,000 கொடுக்க வேண்டிய ஆள். அந்த விளையாட்டுப் பெட்டி விநாடிக்கு 120 படம் அனுப்பக்கூடியது. 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 படம் காட்டும் திரையில் பாதி வீண். திரை 120 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டும், பெட்டியின் ஒயரைச் செருகும் துளை எச்டிஎம்ஐ 2.1 வகையாக இருக்க வேண்டும். சில டிவிகளில் நான்கு துளைகள் இருந்தாலும் ஒன்றிரண்டுதான் அந்த வேகத்தைத் தாங்கும். அவற்றில் ஒன்றை சவுண்ட்பாருக்கான இணைப்பு பிடித்துக்கொள்ளும். டிவியின் முதுகைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

இருட்டறையில் படம் பார்ப்பவருக்கு இன்னொன்றும் உண்டு. மலிவு டிவியில் பின்விளக்கு முழுவதும் ஒன்றாக எரியும். இரவுக் காட்சியில் கருப்பு கருப்பாக இருக்காது, சாம்பல் பூத்த கரிபோல இருக்கும். லோக்கல் டிம்மிங் உள்ளதில் விளக்குகள் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, இருண்ட இடத்தில் தனியாக மங்கும். எத்தனை பகுதிகள் என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வீட்டில் தேடிப் பாருங்கள்.

அரூரிலிருந்து ஒருவர்: டீக்கடையில் காலை முதல் இரவு வரை செய்திச் சேனல் ஓடும். ஓஎல்இடி வாங்கலாம் என்கிறான் மகன்.

பதில்: வேண்டாம் ஐயா. ஓஎல்இடி என்பது பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை. சேனல் சின்னமும் கீழே ஓடும் செய்திப் பட்டையும் நாள்முழுதும் ஒரே இடத்தில் நின்றால் ஓஎல்இடி திரையில் தழும்பாகப் பதிந்துவிடும். பிறகு எந்தச் சேனலை வைத்தாலும் அந்தச் சின்னத்தின் நிழல் தெரியும். சாதாரண எல்இடி வாங்குங்கள். பாய்லர் ஆவி படாத சுவரில் மாட்டுங்கள்.

காவேரிப்பட்டினத்திலிருந்து ஒருவர்: இரண்டு வருடம் ஆன மலிவு டிவி. சத்தம் வருகிறது, படம் இல்லை. பேனல், அதாவது படம் காட்டும் திரையே போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றார் பார்த்தவர். இந்த முறை விலை கூடியதாக வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காதா?

பதில்: முதலில் புதிது வாங்குவதை நிறுத்துங்கள். இன்று இரவு டிவியைப் போட்டு, விளக்கை அணைத்து, திரைக்கு அருகில் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். உள்ளே மங்கலாக ஆட்கள் நடமாடினால் பேனலுக்கு ஒன்றும் இல்லை. போயிருப்பது பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னால் எரியும் பின்விளக்கு. சில நேரம் அதற்கு மின்சாரம் தரும் பகுதி. பேனல் மாற்றும் செலவு புது டிவி விலையை நெருங்கும். பேக்லைட் ஸ்ட்ரிப் அப்படி இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தில்தான் எங்கள் தொழிலின் நேர்மையே தொங்குகிறது. உங்களைப் பார்த்தவர் திறந்துதான் பார்த்தாரா என்று கேளுங்கள்.

என் மேசைக்கு அதிகம் வரும் கோளாறு இதுதான். பின்னால் இருக்கும் சிறு எல்இடி விளக்குகள் சீரியல் பல்புபோலத் தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்று கருகினால் அந்த வரிசையே அணைந்துவிடும்; பல டிவிகளில் பாதுகாப்புக்காக மொத்த வெளிச்சமும் நின்றுவிடும். கருகுவதற்குக் காரணம் சூடு. கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று பல செட்டுகளில் பேக்லைட்டை உச்சத்தில் வைத்தே அனுப்புகிறார்கள். நாமும் அதே நிலையில் ஐந்து வருடம் ஓட்டுகிறோம். வாங்கிய அன்றே அமைப்புக்குள் போய் பேக்லைட்டை 60, 70க்குக் குறையுங்கள். பிரைட்னஸ் என்று தனியாக ஒன்று இருக்கும், பல டிவிகளில் அது வேறு; பேக்லைட் என்று இருப்பதைக் குறைக்க வேண்டும்.

விலை கூடியதில் இது வராதா என்றால், வரும். தாமதமாக வரலாம். ஆனால் விரல் தடிமனில் இருக்கும் மெலிந்த டிவியைத் திறந்து, பேனல் உடையாமல் மூடுவதற்குள் எனக்கு வியர்த்துவிடும். கூலியும் அதற்கேற்பக் கூடும். மலிவு டிவிக்குச் சந்தையில் பொதுவான உதிரிகள் கிடைக்கும் என்ற ஒரு வசதி உண்டு. அதிலும் ஒரு சிக்கல்: திடீரென்று முளைத்த பெயர்கள் சில வருடத்தில் காணாமல் போய்விட்டால் அதே மெயின் போர்டும் அதற்குரிய மென்பொருளும் கிடைக்காது. வேறு போர்டைப் பொருத்தி ஓட வைக்கலாம். அதன்பின் அது ஸ்மார்ட்டாக இருக்குமா என்பது அதிர்ஷ்டம்.

பென்னாகரத்திலிருந்து ஒருவர்: மின்சாரம் ஏறி இறங்குகிறது. கடையில் டிவியோடு ஸ்டெபிலைசரும் கட்டாயம் என்கிறார்கள்.

பதில்: டிவியின் பின்பக்கத்தைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருந்தால் குறைந்த மின்னழுத்தம் அதை ஒன்றும் செய்யாது. உங்கள் தெருவில் 260, 270 என்று ஏறுகிற வழக்கம் இருந்தால் மட்டும் ஸ்டெபிலைசரில் பொருள் உண்டு.

நம் மாவட்டத்தில் டிவியைக் கொல்வது மின்னல்தான். சித்திரை, வைகாசியில் கோடை மழை இடியோடு இறங்கிய மறுநாள் என் கடை வாசலில் நான்கைந்து டிவி நிற்கும். பிளக்கைப் பிடுங்கினேனே என்பார்கள். பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள், கேபிள் ஒயர், டிஷ் ஒயர் அப்படியே இருக்கும். அடி அந்த வழியாக செட்டாப் பாக்ஸுக்குள் வந்து எச்டிஎம்ஐ ஒயரில் ஏறி மெயின் போர்டை முடித்துவிடும். இரண்டையும் கழற்றுங்கள். மின்னல் சேதத்துக்கு வாரண்டி பொதுவாகக் கிடையாது. அது 10,000 ரூபாய் டிவிக்கும் ஒன்றுதான், லட்ச ரூபாய் டிவிக்கும் ஒன்றுதான்.

காரிமங்கலத்திலிருந்து ஓர் அம்மா: நீளமான கூடம். ஆறு பேர் பாயில் உட்கார்ந்து பார்ப்போம். ஓரத்தில் உட்காருபவர்களுக்கு இப்போதுள்ள டிவியில் முகமெல்லாம் வெளுத்துத் தெரிகிறது. பெரிய டிவி வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது அம்மா, இன்னும் பெரிதாக வெளுக்கும். அது பேனல் வகையால் வருவது. விஏ என்ற வகையில் நேராகப் பார்த்தால் கருப்பு ஆழமாக இருக்கும், பக்கவாட்டில் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் வகையில் ஓரத்திலும் நிறம் மாறாது. இருட்டில் மட்டும் கருப்பு சற்றுச் சாம்பலாகும். வாசல் வெளிச்சம் வரும் கூடத்தில் ஆறு பேர் பார்க்கும் வீட்டுக்கு ஐபிஎஸ்தான். பெட்டியின்மேல் பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள். கடையில் டிவிக்கு நேராக நிற்காமல், அதன் ஓரத்துக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து பாருங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். அவர்கள் ஓட்டும் பளபளப்பான விளம்பரப் படத்தை நிறுத்தச் சொல்லி, நீங்கள் பார்க்கும் தொடரை வைக்கச் சொல்லுங்கள். ஆறடிக்கு அப்பால் உட்காருவீர்கள் என்றால் 43 அங்குலத்தில் முழு எச்டிக்கும் 4கேக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒருவர்: சாலையோர வேனில் 32 அங்குலம் 6,000 ரூபாய். 4கே சப்போர்ட் என்றும் எழுதியிருக்கிறது. பில் இல்லை.

பதில்: சப்போர்ட் என்றால் 4கே படத்தை வாங்கி, சுருக்கி, தன் 1366க்கு 768 திரையில் காட்டும். உள்ளே பழைய பேனலாக இருக்கவும் வாய்ப்பு அதிகம். பில் இல்லாத பொருளுக்கு நியாயம் கேட்க வேன்காரரை எந்த ஊர்ச் சந்தையில் தேடுவீர்கள்?

ஊத்தங்கரையிலிருந்து ஒருவர்: ஜிஎஸ்டி குறைந்தது என்கிறார்கள். இணையத்தில் வாங்கட்டுமா, கிருஷ்ணகிரி கடையிலா?

பதில்: 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 32ம் அதற்குக் கீழும் முன்பே 18தான். அதில் வரி குறைந்தது என்று யாராவது தள்ளுபடிக் கதை சொன்னால் நம்பாதீர்கள். எங்கே வாங்கினாலும் சரி, பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்தின் சேவை எண்ணை அழைத்து உங்கள் பின்கோடைச் சொல்லி, வீட்டுக்கு ஆள் வருவாரா என்று கேளுங்கள். என்னிடம் ஒருவர் வந்தார். வாரண்டி இருந்தும் சேலத்திலிருந்து ஆள் வர மூன்று வாரம் காத்திருந்தார். விலை குறைவென்று வாங்கியதில் அவர் மிச்சம் பிடித்தது 2,000 ரூபாய். இணையத்தில் வாங்கினால் கொண்டுவந்தவர் முன்னிலையிலேயே பெட்டியைத் திறந்து, டிவியைப் போட்டு, வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கீறல் விழுந்த பேனலுக்கு வைத்தியம் இல்லை. பிரச்சினை முற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நல்லம்பள்ளியிலிருந்து ஒருவர்: பெரிய டிவி மின்கட்டணத்தை ஏற்றிவிடுமா?

பதில்: 43 அங்குலம் 80 வாட், 55 அங்குலம் 130 வாட் என்று வையுங்கள். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 24 யூனிட், 39 யூனிட். மின்கட்டணப் படி மாறும் விளிம்பில் இருப்பவர்களுக்கு மட்டும் இந்த 15 யூனிட் உறுத்தும்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒருவர்: 2006இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த 14 அங்குல இலவச டிவி அப்பா வீட்டில் இன்னும் ஓடுகிறது. புது 55 அங்குலத்தைவிட இதில்தான் கேபிள் தெளிவாக இருக்கிறது என்று அப்பா அடம்பிடிக்கிறார். கண் கோளாறா?

பதில்: அப்பா சொல்வது சரி. கேபிள் அனுப்பும் அந்த 576 வரிகளுக்கென்றே செய்த பிக்சர் டியூப் அது. ஊகித்து நிரப்ப வேண்டியதில்லை, சின்னத் திரையில் குறையும் தெரியாது. ஓடும்வரை ஓடட்டும். மூடியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். சத்தம் கரகரக்கிறது என்றால் தர்மபுரி வரும்போது பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். ஸ்பீக்கர் என்னிடம் இரண்டு மிச்சம் இருக்கிறது.