அப்பாவுக்கு எதிலும் ஆர்வம் இல்லையா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் நாகப்பட்டினத்துக்காரன். இந்த வருடம்தான் வேலை மாறி குடும்பத்தோடு பினாங்குக்கு வந்தோம். பாயான் லெப்பாஸில் வீடு, ஆறு வயதில் ஒரு மகள். அப்பாவும் (74) அம்மாவும் எங்களோடு ஒரு மாதம் இருக்க வந்திருக்கிறார்கள். போன சனிக்கிழமை கொடிமலை, கெக் லோக் சி புத்தர் கோயில், சயன புத்தர், பத்து ஃபெரிங்கி கடற்கரை எல்லாம் காட்டினேன். முட்டி வலி என்று அம்மா பாதி இடங்களில் காரிலேயே இருந்துவிட்டார். அப்பாவோ எங்கே போனாலும் "சரி, பாத்தாச்சு, போலாம்" என்கிறார். அவருக்கு எதிலும் ஆர்வம் இல்லை. மிச்ச நாட்களுக்கு என்ன திட்டம் போடலாம்? லங்காவி தீவுக்குப் போகலாமா?

கா.

அன்புள்ள கா.,

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

ஒரே சனிக்கிழமையில் நான்கு இடம். வார இறுதிக் கூட்டத்தில் மலை ரயிலுக்கு வரிசையில் நிற்கவைத்து, அந்தப் புழுக்கத்தில் காரில் ஏற்றி இறக்கி, கூடவே ஆர்வத்தையும் எதிர்பார்க்கிறீர்கள். சரி, அது போகட்டும், நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். "அவருக்கு எதிலும் ஆர்வம் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாண்டிப்போக முடியவில்லை.

உங்கள் அப்பா பள்ளிக்கூடம் போன வயதில் ரஜூலா கப்பல் நாகையிலிருந்து பினாங்குக்குப் போய்க்கொண்டிருந்தது. 1926இல் கட்டிய கப்பல், 1970களின் தொடக்கம் வரை ஓடியது. நாகையில் அது கரைக்கு வராது, கடலில் தள்ளி நிற்கும். ஆட்களையும் மூட்டைகளையும் படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். அதற்குப் பிறகு வந்த சிதம்பரம் கப்பலும் 1985இல் தீப்பிடித்ததோடு எல்லாம் நின்றுபோனது. நீங்கள் பிறப்பதற்கு முன்பே இந்தத் தீவின் பெயரைத் தெருவில் கேட்டு வளர்ந்த மனிதர் அவர். அவரிடம் ஒரு தடவையாவது கேட்டீர்களா, "நம்ம ஆளுங்க யாராவது இங்க வந்திருக்காங்களாப்பா" என்று?

என் அக்கா பினாங்கில் இருந்தபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வந்துகொண்டிருந்தோம், அந்தப் பழைய மஞ்சள் ஃபெர்ரி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா திடீரென்று, "சின்னத்தாத்தா இந்தத் தண்ணியிலதானடா வந்திருப்பாரு" என்றார். அப்புறம் நிறுத்தவில்லை. சின்னத்தாத்தா கப்பலேறிய அன்று எண்ணெய் டின்னில் முறுக்கு நிறைத்துத் துணியால் வாய் கட்டிக் கொடுத்தார்களாம். படகிலிருந்து கப்பலுக்குத் தூக்கிக் கொடுக்கும்போது கை நழுவி டின் கடலில் விழுந்துவிட்டது. பினாங்கு போய்ச் சேர்ந்து அவர் எழுதிய முதல் கடிதத்தில் கூலி, வேலை எதுவும் இல்லை, முறுக்கு போன வருத்தம்தான் இருந்ததாம். அக்கா பையன், "அவரு அழுதாரா ஆச்சி?" என்று கேட்டான். "அவரு அழல. கரையில நின்ன எங்க பாட்டிதான் அழுதா." அத்தனை வருடம் அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தவன் நான், இந்தக் கதை என் காதில் விழுந்ததே இல்லை.

பெற்றோரை வரவழைத்துவிட்டு நாம்தான் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருக்கிறோம். இது பாலம், இது மால், இது என் ஆபீஸ். உண்மையில் காட்டுவது நம் சம்பாத்தியத்தை. அதை அவர்கள் ஒரு நாளில் பார்த்துவிடுவார்கள், பிறகு மிச்ச நாள் முழுக்க என்ன செய்வார்கள்? பேத்தியிடம் சொல்ல அவர்களிடம் எவ்வளவு இருக்கிறது! நீங்கள் வாயைத் திறக்க விட்டால்தானே.

உங்கள் வீட்டுப் பக்கமிருந்தே ஜெரஜாக் தீவு தெரியும். அந்தக் காலத்தில் கப்பலில் வந்த கூலி ஆட்களை அங்கே இறக்கி, நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் பினாங்குக்குள் விடுவார்கள். அப்பாவைக் கடலோரம் கூட்டிப்போய் அதைக் காட்டுங்கள். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா இருக்கிறது, இருநூறு வருடப் பழசு. நாகப்பட்டினத்துக்காரரைச் சயன புத்தரிடம் கூட்டிப்போனவர் அங்கே ஏன் கூட்டிப்போகவில்லை? எனக்குப் புரியவே இல்லை.

அம்மாவைத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு இழுக்காதீர்கள், ஐந்நூறு படிக்கு மேல். குவீன் தெரு மாரியம்மன் கோயில் போதும், 1833இலிருந்து இருக்கிறது, மலையேற வேண்டியதில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பூக்கடை, காய்கறிக் கடை எல்லாம் தமிழிலேயே பேசும். பையை அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். விலை பேசட்டும், கூடுதலாகவே கொடுத்து வாங்கட்டும், குறுக்கே போகாதீர்கள்.

லங்காவி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டர்வொர்த் போய்த் திரும்பும் ஃபெர்ரியில் ஏறுங்கள். இப்போது ஓடுபவை 2023இல் வந்த புதிய படகுகள், உட்கார வசதியாக இருக்கும். மகளைத் தாத்தா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் இரண்டு வரிசை தள்ளி உட்காருங்கள், போனை வெளியே எடுக்காதீர்கள். அப்பா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.