கடைக்குள் வெள்ளம்: வரிக்கு அவகாசம் கேட்டு மனு கொடுக்கலாமா?

கேள்வி: வண்டிப்பெரியாறில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். கம்பத்தில் குடோன், அதற்குத் தமிழ்நாட்டு ஜி.எஸ்.டி. பதிவு தனி. போன மாதம் ஆறு பொங்கி, கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். சோப்பு, பிஸ்கட், பில் புத்தகம், கம்ப்யூட்டர் எல்லாம் போச்சு. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தேதி தாண்டிவிட்டது. போன வருஷத்து வருமான வரிக் கணக்கும் இன்னும் போடவில்லை. வெள்ளம் வந்தால் அவகாசம் உண்டு என்கிறார்கள். யாரிடம் மனு கொடுக்க வேண்டும்?

பதில்: மனு கொடுத்து வாங்கும் அவகாசம் இது இல்லை. தேதியைத் தள்ளிவைப்பது அரசு. மாநிலம் அல்லது மாவட்டத்தின் பெயர் சொல்லி அறிவிப்பு வரும். வந்தால் கேட்காதவருக்கும் கிடைக்கும், வராவிட்டால் யாரைப் பார்த்தும் பயனில்லை. 2018 வெள்ளத்தில் கேரளம் முழுவதற்கும் வருமான வரிக் கணக்கின் கடைசி நாள் ஆகஸ்ட் 31-லிருந்து செப்டம்பர் 15 ஆனது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது, ஜி.எஸ்.டி. வரியைக் கணக்குப் போட்டுக் கட்டும் 3பி ரிட்டர்னுக்குக் கிடைத்த ஒரு வாரம் சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பதிவுகளுக்கு மட்டும்தான். அதே மாதம் தெற்கே கொட்டிய மழைக்காகத் தென்காசி, நெல்லை உட்பட ஐந்து மாவட்டங்களுக்கு ஜனவரி 10 வரை தந்தார்கள்.

பதிவில் முதன்மை வியாபார இடம் எந்த மாவட்டமோ, அதுதான் கணக்கு. உங்கள் கடை இருக்கும் இடுக்கி மாவட்டத்துக்கு நாளை அறிவிப்பு வந்தாலும் உங்கள் கம்பம் பதிவு தேனி மாவட்டத்தில் இருக்கிறது, அதற்கு ஒட்டாது. கடை முழுகியதால் கம்பம் ரிட்டர்னையும் போடாமல் விட்டிருந்தால், முதலில் அதைப் போடுங்கள்.

கேரளப் பதிவுக்கும் அறிவிப்பை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய். விற்பனையே இல்லாத ரிட்டர்னுக்கு 20. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் என்றால் ஒரு ரிட்டர்னுக்கு 2,000 ரூபாயோடு நின்றுவிடும். கழிவுகள் போக ரொக்கமாகக் கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. பில் புத்தகம் போனது பெரிய தடை இல்லை. வாங்கிய சரக்கு ஜி.எஸ்.டி. போர்ட்டலில் 2பி-யில், அதாவது உங்களுக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலில் இருக்கிறது, ஏஜென்சிக்காரர்களிடம் லெட்ஜர் கேட்டால் தருவார்கள், விற்பனைக்கு வங்கி ஸ்டேட்மென்ட்டும் யு.பி.ஐ. கணக்கும் பாதி கதையைச் சொல்லிவிடும்.

பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. நனைந்து வீணான சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டி, பிறகு உங்கள் வரியில் கழித்துக்கொண்டதைத் திருப்பிக் கட்ட வேண்டும்; ஜி.எஸ்.டி. சட்டம் 17(5) அப்படித்தான் சொல்கிறது. வெள்ளம் அடித்தவனிடமே வரியைத் திருப்பிக் கேட்பது கொடுமைதான், ஆனாலும் சட்டம் அதுதான். ஆகவே இன்ஷூரன்ஸ் இருந்தால் சரக்கின் விலையோடு அந்த வரியையும் சேர்த்துக் கேளுங்கள். வரியில்லாத விலையைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பிறகு புலம்புகிறவர்கள் நிறைய.

வருமான வரியில் இரண்டு வருஷத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நிலுவையில் இருப்பது போன வருஷக் கணக்கு. வெள்ள நஷ்டம் அதில் வராது. அதை டிசம்பர் 31-க்குள் தாமதக் கணக்காகப் போடலாம். கட்டணம் 5,000 ரூபாய், மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. பாக்கி வரிக்கு மாதம் 1 சதவீத வட்டி. ரீஃபண்ட் இருந்தால் அதுவும் வரும். அந்தத் தேதியும் தாண்டினால்தான் நீங்கள் கேட்கும் ‘மனு’வுக்கு வேலை: கண்டோனேஷன், அதாவது தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் கேட்பது. ரீஃபண்டுக்காகவோ நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகவோ மட்டும் இது. 2024 அக்டோபர் 1 சுற்றறிக்கைப்படி மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 5 வருஷத்துக்குள் கேட்க வேண்டும்; ஒரு கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை முதன்மை ஆணையர் அல்லது ஆணையரே தீர்மானிப்பார்.

வெள்ள நஷ்டம் இந்த வருஷக் கணக்கில் ஏறும். அதை முன்னே கொண்டுபோக வேண்டுமென்றால், வரப்போகும் ரிட்டர்னை ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் போட வேண்டும். விற்பனையில் 8 அல்லது 6 சதவீதம் லாபம் என்று காட்டும் முறையில் இருப்பவரானால், இந்த நஷ்டத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. அந்த முறையிலிருந்து விலகினால் ஐந்து வருஷத்துக்குத் திரும்ப முடியாது. ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

வில்லேஜ் ஆபீஸில் சேதச் சான்று வாங்கி, தேதி தெரியும் போட்டோக்களோடு வையுங்கள். இடையில் நோட்டீஸ் வந்தால் அங்கே மட்டும் நீங்களே அவகாசம் கேட்கலாம். வருமான வரி போர்ட்டலில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. ஜி.எஸ்.டி. நோட்டீஸின் விசாரணையில் தக்க காரணம் காட்டினால் அதிகபட்சம் மூன்று முறை தள்ளிவைப்பார்கள். இரண்டுக்கும் அந்தச் சான்றையே இணைத்துவிடுங்கள்.