பர்மாவில் 45, 90 கியாட் நோட்டுகளை ஏன் அச்சிட்டார்கள்?

சர்வாதிகாரி நே வின்னுக்கு ஒன்பது ராசியான எண் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் காரணம். இரண்டு நோட்டுகளும் 9ஆல் வகுபடும், இலக்கங்களைக் கூட்டினாலும் 9 வரும். 90 நோட்டில் ஆங்கிலேயருக்கு எதிராக 1930இல் கலகம் செய்த சாயா சானின் படம்.

ஆனால் மக்களை வதைத்தது எண் ஜோதிடம் அல்ல. 1987 செப்டம்பர் 5 அன்று 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்றிக்கொள்ள அவகாசமும் இல்லை, ஈடும் இல்லை. செல்லுபடியாக மிஞ்சியவை 15ம் அதற்குக் கீழுள்ள சில்லறை நோட்டுகளும்தான்; 45, 90 நோட்டுகள் அதற்குப் பிறகே வந்தன. கறுப்புச் சந்தையை ஒடுக்குவதாகக் காரணம் சொன்னார்கள். அந்தச் சந்தையை வளர்த்ததே கடைகளை அரசுடைமையாக்கிய கொள்கைதானே! பெரிய வியாபாரிகள் தங்கத்திலும் மாணிக்கத்திலும் பணத்தைப் போட்டுத் தப்பலாம். ரொக்கத்தை வீட்டில் வைத்திருந்த விவசாயியும் மாணவரும் மாட்டிக்கொண்டார்கள். ரங்கூன் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் அன்றே தெருவில் இறங்கினார்கள். மறு ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று ஜனநாயகம் கேட்டு வெடித்த 8-8-88 மக்கள் எழுச்சிக்கு இந்தக் கோபமும் ஒரு விறகு.

இது முதல் முறையும் அல்ல. 1964 மே மாதம் 50, 100 நோட்டுகளை ஒழித்தபோது, கடைகளையும் பறிகொடுத்திருந்த தமிழர்கள் பலர் ஏறக்குறைய வெறுங்கையோடு சென்னைக்குக் கப்பலேறினார்கள். 1985இல் மீண்டும் ஒருமுறை. அப்போது ஓரளவு மாற்ற அனுமதித்தார்கள். கியாட்டைச் சேமிக்காமல் தங்கம் வாங்கி வைக்கும் பர்மியர் பழக்கத்துக்கு இந்த அனுபவங்களும் ஒரு முக்கியக் காரணம்.