அண்ணன் வருத்தப்படுறாரு! – வாசகர் கேள்வி பதில்

குகை வாசகர், சேலம்: தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு வாசல்வரை தண்ணீர் நிற்பதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மறுநாள் ராத்திரி கவுன்சிலரின் ஆள் வீட்டுக்கே வந்து, "அண்ணன் வருத்தப்படுறாரு, எடுத்துடுங்க" என்கிறார். எடுத்துவிடட்டுமா?

எடுக்காதீர்கள். படத்தில் இருப்பது சாக்கடைதானே, அண்ணன் இல்லையே! அவர் வருத்தத்தோடு ஒரு அடைப்பு எடுக்கிற ஆளையும் சேர்த்து அனுப்பியிருந்தால் நீங்களே நன்றி சொல்லிப் பதிவு போட்டிருப்பீர்கள். சட்டமும் உங்கள் பக்கம் ஓரளவு இருக்கிறது. அரசோ உள்ளாட்சி அமைப்போ தன் மானம் போய்விட்டதென்று நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது, பதவியில் இருப்பவரின் அலுவல் சம்பந்தமான விமர்சனத்துக்கும், அது பொய் என்று தெரிந்தோ உண்மையா பொய்யா என்று கவலைப்படாமலோ எழுதியிருந்தால் ஒழிய, நஷ்டஈடு கிடையாது என்று 1994இல் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஜெயில் வரை கொண்டுபோகக்கூடிய கிரிமினல் அவதூறு என்கிற கத்தி இன்னும் தலைக்கு மேல்தான் தொங்குகிறது, 2016இல் அது செல்லும் என்றும் தீர்ப்பாகிவிட்டது. அதனால் தேதியோடு படம் போடுங்கள், "கமிஷன் அடித்துவிட்டார்" என்று ஆதாரம் இல்லாமல் மட்டும் எழுதாதீர்கள்.

ஏற்காடு வாசகி: விமர்சனத்தைச் சிரித்துக்கொண்டே ஏற்றவர் நேரு என்கிறார்களே, நிஜமா?

பாதி நிஜம். 1937இல் 'சாணக்கியா' என்ற புனைபெயரில், இந்த நேரு சர்வாதிகாரியாக மாறிவிடக்கூடும், ஜாக்கிரதை என்று தன்னைப் பற்றித் தானே கட்டுரை எழுதியவர் அவர். கார்ட்டூனிஸ்ட் சங்கரிடம் என்னையும் விட்டுவைக்காதீர்கள் என்று சொன்னவரும் அவர்தான்.

மீதிப் பாதிக்கு நீங்கள் மலையை விட்டு இறங்கி அஸ்தம்பட்டிக்கு வரவேண்டும். அங்கே இருக்கும் சேலம் மத்தியச் சிறையில், குடியரசாகி மூன்று வாரம்கூட ஆகாத 1950 பிப்ரவரி 11 அன்று, கம்யூனிஸ்ட் கைதிகள் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 22 பேர் செத்தார்கள். இந்தச் சாவுகளையும் கேள்வி கேட்டு, நேரு அரசை விடாமல் விமர்சித்துக்கொண்டிருந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற பம்பாய் வாரப் பத்திரிகை, அடுத்த மாதமே சென்னை மாநிலத்துக்குள் நுழையக்கூடாது என்று இங்கிருந்த காங்கிரஸ் அரசு தடை போட்டது. மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. சரி, தோற்றுவிட்டோம் என்று விட்டார்களா? 1951இல் அரசியலமைப்பையே திருத்தி, 'பொது ஒழுங்கு' என்ற காரணத்துக்காகவும் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்று எழுதிக்கொண்டார்கள். 'நியாயமான' கட்டுப்பாடுதான் என்ற நிபந்தனையும் கூடவே சேர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருத்தத்தை முன்னின்று நிறைவேற்றியவர் அதே 'சாணக்கியா'. கார்ட்டூனைப் பார்த்துச் சிரிப்பது சுலபம்தான் அம்மா, செத்தவர் கணக்கைக் கேட்கும்போது முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

அயோத்தியாப்பட்டணம் வாசகர்: அமைச்சரைத் திட்டினால் அரசு வக்கீல் ஏனுங்க வழக்குப் போடுறார்?

சட்டத்திலேயே அந்த வசதி இருக்கிறதுங்க. அமைச்சரின் அலுவலக வேலையைப் பற்றிய அவதூறு என்றால் அரசு அனுமதியோடு அரசு வக்கீல் நேராக செஷன்ஸ் கோர்ட்டுக்கே போகலாம். ஃபீஸ் நம் வரிப்பணம். திட்டு வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார், திட்டியவர் வாய்தா வாய்தாவாக அலைவார். ஜெயலலிதா ஆட்சியில் ஐந்து வருடத்தில் 200க்கும் மேல் இப்படிப் போட்டதைப் பார்த்து, பொது வாழ்க்கையில் இருப்பவர்கள் விமர்சனத்தைத் தாங்கத்தான் வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. ஆட்சி மாறினால் பழைய வழக்குகள் வாபஸ் ஆகும், அந்தச் சட்டப்பிரிவை மட்டும் யாரும் தொடமாட்டார்கள், நாளைக்குத் தங்களுக்கும் உதவுமே! மானம் போனதாக நினைக்கிற அமைச்சர் சொந்தக் காசில் வக்கீல் வைக்கட்டும். அப்புறம் பாருங்கள், பாதிப் பேருக்குக் கோபமே வராது.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: ஒரு ஜோக்குக்காகப் பத்திரிகை ஆசிரியரை ஜெயிலில் போட்டார்களாமே?

ஆமாம், 1987இல். எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் கிண்டலடித்த அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதச் சிறை விதித்தது. மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்றார் அவர். ஊரே கொதித்ததால் சில நாளிலேயே வெளியே விட்டார்கள், பின்னால் கோர்ட்டுக்குப் போய் ஆயிரம் ரூபாய் இழப்பீட்டுக்கும் உத்தரவு வாங்கினார். சும்மா விட்டிருந்தால் அடுத்த வாரமே பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். இத்தனை வருடம் கழித்து நீங்கள் கார்டு போட்டுக் கேட்கிறீர்கள்.