லயத்துப் படிக்கல் மேசையாகுமா?

கேள்வி: இடித்த லயத்தின் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின்) வாசல் படிக்கல்லை எடுத்து வைத்திருக்கிறேன். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், நான்கு அங்குலக் கனம். தேநீர் மேசையாக்கலாமா? – வாசகி, ஹட்டன்

பதில்: தாராளமாக ஆக்கலாம், தங்கச்சி. கருங்கல் கன மீற்றருக்கு ஏறத்தாழ 2,700 கிலோ. உங்கள் கல் 110 கிலோவைத் தாண்டும். மெல்லிய கால்கள் தாங்கா. கனமான பலாமரச் சட்டம் செய்து, கல்லுக்கும் மரத்துக்கும் இடையில் ரப்பர் துண்டுகள் வையுங்கள். பசையோ ஆணியோ வேண்டாம்.

நடுவில் தேய்ந்த குழிவை மட்டும் மெருகேற்றுவதாகச் சீவிவிடாதீர்கள். கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கிய கால்கள் தேய்த்த இடம் அது. என் அம்மாவின் படியிலும் அப்படியொரு குழிவு இருந்தது. மழை விட்டதும் ஒரு கோப்பைத் தண்ணீர் அதில் தேங்கி நிற்கும்.

சோப்பு நீரும் தேங்காய் நாரும் போதும், பாசி போய்விடும்.