கொஞ்சத் தெரியாதவர் போட்ட சோறு

கேள்வி: ‘சேவ் தி சில்ட்ரன்’ அமைப்பைத் தொடங்கிய இங்கிலாந்துப் பெண்மணி எக்லன்டைன் ஜெப் பற்றிப் படித்தேன். டீச்சர் வேலை பிடிக்காமல் விட்டவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளை வளர்த்த அனுபவமும் இல்லை. நன்கொடைப் பணத்தில் முழுப்பக்கப் பத்திரிகை விளம்பரம் வேறு! பேர் வாங்கத்தானே இதெல்லாம்?

பதில்: இல்லை. நீங்கள் சொல்லும் விவரங்கள் சரி, வந்து சேர்ந்த முடிவுதான் தப்பு.

ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படித்துவிட்டு மார்ல்பரோவில் டீச்சராகப் போனார். ஒத்துவரவில்லை, விலகினார். அப்புறம் கேம்பிரிட்ஜ் நகரத்து வறுமையை ஆராய்ந்து 1906-ல் ஒரு புத்தகம் எழுதினார். 1913-ல் பால்கன் போரில் வீடிழந்தவர்களுக்கு உதவ மாசிடோனியா போய், அகதிகளின் நிலையை நேரில் பார்த்தார். பிள்ளை பெறாதவர்தான், ஆனால் பசி என்றால் என்னவென்று தெரியாமல் பேச வந்தவர் இல்லை.

1919-க்கு வருகிறேன். முந்தின நவம்பரிலேயே முதல் உலகப் போர் நின்றுவிட்டது. ஆனால் ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற எதிரி நாடுகள் மீது போட்ட கடல் முற்றுகையை பிரிட்டனும் நேச நாடுகளும் உடனே விலக்கவில்லை. சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும்வரை பிடியை விடக்கூடாது என்று நினைத்தார்கள். உணவுக் கப்பல்கள் போய்ச் சேராமல் அங்கே குழந்தைகள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தன. அந்த ஏப்ரலில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் ஜெப் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார். அதில் ஓர் ஆஸ்திரியக் குழந்தையின் படம்: தலை பெருத்து, கை கால் சூம்பிப் போயிருக்கும். நம் முற்றுகைதான் இதற்குக் காரணம் என்று பச்சையாக அச்சடித்திருந்தார். எந்த ஊரில்? போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் தெருவுக்குத் தெரு இருந்த ஊரில். பேர் வாங்க ஆசைப்படுகிறவர் கையில் எடுக்கிற காரியமா இது?

போலீஸ் பிடித்தது. தணிக்கை அனுமதி இல்லாமல் அச்சிட்டதாக வழக்கு. தனக்காகத் தானே வாதாடினார், தோற்றார். 5 பவுண்டு அபராதம். அவருக்கு எதிராக வாதாடி ஜெயித்த அரசு வக்கீல் சர் ஆர்ச்சிபால்ட் பாட்கின், தீர்ப்புக்குப் பிறகு தன் பணத்தில் 5 பவுண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அதுதான் முதல் நன்கொடை. அந்த மே மாதமே ஆல்பர்ட் ஹாலில் கூட்டம் போட்டு, தங்கை டாரதி பக்ஸ்டனோடு சேர்ந்து அமைப்பைத் தொடங்கிவிட்டார்.

விளம்பரத்துக்கு வருவோம். அதற்கு அந்தக் காலத்திலேயே எதிர்ப்பு இருந்தது. ஆனால் பசி நடப்பது வியன்னாவில், பணம் இருப்பது லண்டனில். பார்க்காத பசிக்கு யார் பர்ஸைத் திறப்பார்கள்? 1921-ல் ரஷ்யாவில் பஞ்சம் வந்தபோது அங்கே எடுத்த படத்தை இங்கிலாந்தில் திரையிட்டுக் காட்டினார்கள். கம்யூனிஸ்ட் நாட்டுக்கு எதற்கு நம் காசு என்று கேட்டவர்கள் இருந்தும் நன்கொடை குவிந்தது. சராதவ் பகுதியில் சமையல் கூடங்கள் திறந்து, உச்சத்தில் தினமும் சுமார் 3 லட்சம் குழந்தைகளுக்குச் சோறு போட்டார்கள். அந்த முழுப்பக்கத்துக்குக் கொடுத்த காசு எங்கே போய்ச் சேர்ந்தது என்று இப்போது தெரிகிறதா?

பிள்ளை வளர்த்த அனுபவம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது உண்டு. என் பிள்ளைகளைத் தோளில் போட்டுக் கொஞ்சித்தான் வளர்த்தேன். அந்தப் பாசம் பக்கத்துத் தெருப் பிள்ளை வரைக்கும்கூடப் போனதில்லை. ஜெப் பாசத்தை நம்பவில்லை, உரிமையைக் கேட்டார். 1923-ல் அவர் எழுதிய குழந்தை உரிமைப் பிரகடனம் மொத்தமே ஐந்து விதிகள்தான். மறு வருடம், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. 1928-ல் ஜெனீவாவில், 52 வயதில், தைராய்டு நோயால் இறந்துபோனார்.

அந்த ஐந்தையும் ஒருமுறை படியுங்கள். பசித்த குழந்தைக்குச் சோறு போட வேண்டும், நோயாளிக் குழந்தையைக் கவனிக்க வேண்டும், ஆபத்துக் காலத்தில் முதல் உதவி குழந்தைக்கே போக வேண்டும். எல்லாமே ‘வேண்டும்’தான், எங்கும் கெஞ்சல் இல்லை. இனம், நாடு, மதம் எதையும் பார்க்கக்கூடாது என்பதை முகப்பிலேயே எழுதிவிட்டார்.