ரோடியோவைப் படம் எடுக்க: கால்கரிக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, இந்த வசந்தத்தில்தான் கனடாவின் கால்கரிக்கு வந்ததாகவும், மதுரைப் பக்கம் ஜல்லிக்கட்டைப் படம் எடுத்த பழக்கம் இருப்பதாகவும், ஜூலையில் இங்கே நடக்கிற ஸ்டாம்பீடு திருவிழாவுக்குப் போய் ரோடியோவை, அதாவது துள்ளுகிற குதிரையிலும் காளையிலும் எட்டு நொடி தாக்குப்பிடிப்பது போன்ற கவ்பாய்ப் போட்டிகளை, படம் பிடித்துவிட ஆசை என்றும் எழுதியிருந்தீர்கள். கையில் கிராப் சென்சார் கேமராவும் 70-300 லென்ஸும் இருக்கிறது, பெரிய லென்ஸ் வாங்கலாமா, எங்கே உட்காரலாம், ஷட்டர் வேகம் எவ்வளவு வைக்கலாம், இதுதானே கேள்வி? இங்கே கோடை வந்தால் வார இறுதிகளில் ஏதாவது ஒரு ரோடியோ வேலியோரம்தான் நிற்பேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

லென்ஸ் வாங்காதீர்கள். முதல் வருடம் வீட்டு வாடகை, கார் இன்சூரன்ஸ், குளிர்கால டயர் என்று செலவு ஒன்றன்பின் ஒன்றாக வரும், அந்த நேரத்தில் சில ஆயிரம் டாலரை லென்ஸில் போட வேண்டிய அவசியமே இல்லை. பகல் வெளிச்சத்தில் உங்கள் 70-300 தாராளமாகப் போதும். இரவு விளக்கு வெளிச்சத்தில் எடுக்கும்போதுதான் அதிக வெளிச்சத்தை உள்ளே விடுகிற f/2.8 லென்ஸ் இல்லாத குறை தெரியும், அதற்கு வார இறுதிக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியமான விஷயம், ஸ்டாம்பீடில் தொடங்காதீர்கள். 1912-இல் கை வீடிக் (Guy Weadick) என்பவர் ஆரம்பித்தது, பத்து நாள் நடக்கும், 2024-இல் 14 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். பார்க்க வேண்டிய திருவிழாதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் படம் எடுக்கிறவருக்கு அங்கே இரண்டு சிக்கல். ஒன்று, டிக்கெட் எடுத்தவர்கள் இருக்கையை விட்டு நகர முடியாது, மண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிற இடமெல்லாம் அனுமதி பெற்ற பத்திரிகைக்காரர்களுக்கு. இன்னொன்று வெயில். கால்கரியில் கோடையில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, ஏறக்குறைய 1:40-க்கு. ரோடியோ தொடங்குவதும் மதியம் அந்த நேரத்தை ஒட்டித்தான். தலைக்கு மேலே வெயில், தலையில் அகலமான கவ்பாய் தொப்பி, அப்புறம் முகம் எங்கே தெரியும்? மூக்கு நுனி மட்டும் வெளிச்சத்தில் இருக்கும், கண் இரண்டும் கறுப்புக் குழியாக விழும்.

சுற்றுவட்டாரத்துச் சின்ன ஊர்களுக்குப் போங்கள். ஜூனில் சண்ட்ரே, ஜூன் கடைசியில் பொனோக்கா, கனடா தினத்தை (ஜூலை 1) ஒட்டி ஏர்ட்ரியும் ரேமண்டும், ஆகஸ்ட் முதல் வார இறுதியில் ஸ்டிராத்மோர், செப்டம்பர் தொடக்கத்தில் வருகிற இங்கத்திய தொழிலாளர் தின வார இறுதியில் காக்ரன். ரேமண்டில் 1902-லிருந்து நடக்கிறது, ஸ்டாம்பீடைவிடப் பத்து வருடம் மூத்தது. ஸ்டிராத்மோர் கால்கரியிலிருந்து கிழக்கே 50 கிலோமீட்டர்தான். சின்ன ஊர்களில் வேலிக்கு மிக அருகிலேயே உட்கார இடம் கிடைக்கும், இடம் மாறி மாறி நின்று பார்க்கலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். மாலை ஆட்டம் இருந்தால் அதற்கே டிக்கெட் எடுங்கள். ஜூலைத் தொடக்கத்தில் இங்கே சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும், ஏழு மணிக்கு மேல் சாய்வாக வருகிற அந்த மஞ்சள் வெளிச்சம் தொப்பிக்குக் கீழே புகுந்து முகத்தைத் தொடும், பறக்கிற மண்ணுக்குப் பின்னாலிருந்து வந்தால் இன்னும் அழகு. போட்டியாளர்கள் அதிகமாகிவிட்டால் மீதிப் பேரை ஸ்லாக் என்று காலையிலேயே ஓட விடுவார்கள், பல இடங்களில் அதற்குக் கட்டணமே இல்லை. கூட்டம் இருக்காது, கை பழக அதைவிட நல்ல இடம் கிடையாது.

இப்போது செட்டிங். பகலில் 1/1000 நொடிக்குக் கீழே இறங்காதீர்கள், குதிரை துள்ளும்போது 1/1600 வைத்தால்தான் குளம்பும் தெறிக்கிற மண்ணும் உறையும். அபர்ச்சர் f/5.6 போதும். வானம் தெளிவாக இருந்தால் எல்லாவற்றையும் மேனுவலில் பூட்டிவிடுங்கள், ஏனென்றால் வெள்ளைக் குதிரை ஒன்று, அடுத்தது கருங்காளை என்று மாறி மாறி வரும்போது வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் ஒவ்வொரு தடவையும் ஏமாறும், ஆனால் வீரரின் முகத்தில் விழுகிற வெளிச்சம் மாறுவதில்லை. மேகம் ஓடுகிற நாளில் ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்து வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் கூட்டி வையுங்கள். வானம் கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை, முகம் வேண்டும். ஃபோகஸ் தொடர் முறையில் இருக்கட்டும். கண்ணைத் தேடிப் பிடிக்கிற வசதி உங்கள் கேமராவில் இருந்தாலும் துள்ளுகிற குதிரைக்கு அதை அணைத்துவிடுங்கள், அது குதிரையின் கண்ணுக்கும் பின்னால் நிற்கிறவரின் கண்ணுக்கும் தாவிக்கொண்டே இருக்கும். சின்ன ஃபோகஸ் கட்டம் ஒன்றை எடுத்து வீரரின் நெஞ்சில் வையுங்கள். எலக்ட்ரானிக் ஷட்டரும் வேண்டாம், கேமராவைத் திருப்பும்போது வேலிக் கம்பம் சாய்ந்து தெரியும், விளம்பரப் பலகைகளின் எல்இடி கோடு கோடாக விழும்.

ஆனால் இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் படிந்துவிடும் தம்பி. படம் நன்றாக வருவதும் வராததும் வேறு இடத்தில் இருக்கிறது, அடுத்த அரை நொடியில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரிகிறதா என்பதில்.

கூண்டைப் பாருங்கள். உள்ளே குதிரை, மேலே வீரர் மெதுவாக இறங்கி உட்காருகிறார். கையுறையைக் கைப்பிடிக்குள் திணித்து, இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்து, தொப்பியை அழுத்திக்கொண்டு, தாடையை நெஞ்சோடு சேர்க்கிறார். கூண்டின் மேல் கம்பியில் நிற்கிறவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பார்கள், கீழே ஒருவர் கதவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வீரர் தலையை ஒரு முறை ஆட்டுகிறார். அவ்வளவுதான், கதவு திறந்துவிடும். நிறையப் பேர் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், கதவு திறந்த பிறகு விரல் அழுத்தினால் முதல் துள்ளல் போயே போய்விட்டது. நீங்கள் அந்தத் தாடையைப் பாருங்கள், தலை அசைந்ததும் அழுத்துங்கள்.

அந்த முதல் துள்ளல் ஏன் முக்கியம் என்றால், பேர்பேக் (சேணம் இல்லாமல்), சேடில் பிராங்க் (சேணத்தோடு) என்ற இரண்டு துள்ளல் குதிரைச் சவாரியிலும் குதிரை வெளியே வந்து முன்கால் தரையில் படும்போது வீரரின் இரண்டு குதிகாலிலும் மாட்டியிருக்கிற முள் குதிரையின் தோளுக்கு மேலே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பெண்ணே கிடையாது. அதனால் எல்லா வீரரும் உயிரைக் கொடுத்துக் கால்களை முன்னே நீட்டுகிற கணம் அது. அப்புறம் குதிரைக்கு ஒரு தாளம் வரும். பின்கால்கள் மேலே போகும், உச்சியில் ஒரு நொடிப்பொழுது நிற்கும், இறங்கும். படம் அந்த உச்சியில்தான். எட்டு நொடி முழுக்க விரலை எடுக்காமல் அழுத்தினால் கேமராவின் தற்காலிக நினைவகமான பஃபர் நிரம்பி, நல்ல துள்ளல் வரும்போது கேமரா முழித்துக்கொண்டு நிற்கும். மூன்று நான்கு ஃபிரேமாக, தாளத்தோடு, விட்டு விட்டு எடுங்கள்.

எட்டு நொடி முடிந்ததற்கு ஹாரன் அடிக்கும், எல்லோரும் கேமராவை இறக்கிவிடுவார்கள். நீங்கள் இறக்காதீர்கள். துணைக்குதிரைக்காரர்கள் இரண்டு பக்கமும் ஓட்டி வந்து வீரரை அணைத்துத் தூக்குவதும், காளை என்றால் புல்ஃபைட்டர்கள் விழுந்தவருக்கும் கொம்புக்கும் நடுவில் பாய்வதும் அதற்குப் பிறகுதான் நடக்கும். எனக்கு ரோடியோவில் மிகவும் பிடித்த மனிதர்கள் அந்த புல்ஃபைட்டர்கள். ஜல்லிக்கட்டில் நீங்கள் மாட்டையும் திமிலைப் பிடிக்கிறவரையும் மட்டும் பார்த்துப் பழகியிருப்பீர்கள், இங்கே மூன்றாவதாக ஓடுகிறவர் மேலும் ஒரு கண் இருக்கட்டும். இன்னொன்று, மதிப்பெண்ணில் பாதி விலங்குக்குத்தான். நூற்றில் ஐம்பது வீரருக்கு, ஐம்பது குதிரைக்கோ காளைக்கோ. அதனால் வீரர் விழுந்தாலும் குதிரை அருமையாகத் துள்ளியிருந்தால் இங்குள்ளவர்கள் அந்தக் குதிரையின் பெயரைச் சொல்லிப் பேசிக்கொள்வார்கள். ஸ்டாம்பீடுக்கு ஹன்னா ஊருக்கு அருகில் 1961-லிருந்து சொந்தப் பண்ணையே இருக்கிறது. அங்கே வளர்ந்த கிரேட்டட் கோகனட் என்ற குதிரை ஆறு முறை உலகச் சாம்பியன். அறிவிப்பாளர் குதிரையைப் பற்றிச் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள், இடப்பக்கம் சுழலுமா, நேராகத் துள்ளுமா என்று பெரும்பாலும் அவர் வாயிலிருந்தே வந்துவிடும்.

பேரல் ரேஸ் வேறு மாதிரி. மூன்று பீப்பாய், பெண்கள் குதிரையில் ஒவ்வொன்றையும் சுற்றி வந்து வாசலுக்குப் பறப்பார்கள், ஒன்றைத் தட்டிவிட்டால் ஐந்து நொடி கூடிவிடும். எங்கே திரும்பப் போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிகிற ஒரே பந்தயம் என்பதால் புதியவருக்கு இதுதான் நல்ல பள்ளிக்கூடம். ஒரு பீப்பாயைத் தேர்ந்தெடுத்து அங்கே காத்திருங்கள். குதிரை கிட்டத்தட்டப் படுத்த மாதிரி சாய்ந்து, உள்பக்கக் கால் மண்ணைக் கிழித்துக்கொண்டு வரும், அந்தப் பெண்ணின் பார்வை அதற்குள் அடுத்த பீப்பாய்க்குப் போயிருக்கும். கண் திரும்பிய அந்த ஃபிரேம்தான் வேண்டும். கடைசியில் நேராக ஓடி வரும்போது ஷட்டரை 1/100-க்கு இறக்கி, இடுப்பிலிருந்து திரும்பி, குதிரையோடு கூடவே கேமராவை ஓட்டிப் பாருங்கள். நிறையப் படம் வீணாகும், வீணாகட்டும். தேறுகிற ஒன்றில் கூட்டமெல்லாம் வண்ணக் கோடாகி முகம் மட்டும் தெளிவாக நிற்கும்.

கன்றைக் கயிறு போட்டுக் கட்டுகிற போட்டியில் கட்டி முடித்த ஆள் இரண்டு கையையும் மேலே தூக்குவார், பின்னால் குதிரை கயிற்றைத் தளரவிடாமல் பின்னுக்குச் சாய்ந்து நிற்கும், அதை எடுங்கள். கயிறு இறுகிக் கன்று தூக்கி எறியப்படும் கணத்தை நான் எடுப்பதில்லை, அது என் மனசு. விலங்குகளை இப்படி நடத்துவது சரியா என்ற வாக்குவாதம் இங்கேயும் வருடா வருடம் நடக்கிறது, குதிரை பூட்டிய சக்வேகன் வண்டிப் பந்தயத்தில் குதிரைகள் செத்த வருடங்களில் இன்னும் பலமாக நடந்தது. நேரில் பார்த்துவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள், வேலியோரம் நிற்கிறவர்களிடமும் பேசுங்கள், குதிரையோடு வளர்ந்த குடும்பங்கள் அவை.

ஸ்டாம்பீடுக்குப் போகிற நாளில் நகர ரயிலான சி-டிரெயினில் போங்கள், பார்க்கிங் கட்டணம் கட்டி மாளாது. லென்ஸ் அளவுக்குக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று அந்த வருட விதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மாலையில் பூர்வகுடிகளின் ரிலே பந்தயம் இருந்தால் தவறவிடாதீர்கள். சேணமே இல்லாமல் ஓட்டி வந்து, ஓடுகிற குதிரையிலிருந்து குதித்து, அடுத்த குதிரையின் முதுகில் ஏறுவார்கள். குதிரை மாறுகிற இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். ஸ்டாம்பீடில் பூர்வகுடிகள் கூடாரம் போட்டிருக்கிற எல்போ ரிவர் கேம்ப்பில் பாரம்பரிய உடையில் இருப்பவர்களைக் கேட்காமல் எடுக்கக் கூடாது, கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். ஆட்டின் மேல் சவாரி செய்கிற குட்டிப் பிள்ளைகளின் படத்தையும் பெற்றோரிடம் கேட்காமல் எங்கேயும் போடாதீர்கள்.

மண் பறக்கிற இடத்தில் லென்ஸைக் கழற்றவே வேண்டாம். ஜூலை மதியங்களில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆலங்கட்டி மழை கொட்டும், பையில் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஊர் ரோடியோவில் எடுத்த நல்ல படங்களை அந்த வீரருக்கே அனுப்பிவிடுங்கள். பெரும்பாலானவர்களிடம் தங்கள் சவாரியின் நல்ல படம் இருக்காது. அடுத்த முறை போனால் அவர்களே பெயர் சொல்லிக் கூப்பிட்டு எங்கே நிற்கலாம் என்று காட்டுவார்கள், எனக்கு இந்த ஊரில் வேலைக்கு வெளியே கிடைத்த நட்பெல்லாம் அப்படி வந்ததுதான்.

முதலில் எந்த ஊருக்கு டிக்கெட் எடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். மைதானம் எந்தத் திசை பார்த்து இருக்கிறது, கூண்டுகள் எந்தப் பக்கம் என்று பார்த்து, எங்கே நின்றால் வெயில் சரியாக விழும் என்று சொல்கிறேன்.